பெரியவர்களிடம் மைக்கை நீட்டும் முன்: வாய்மொழி வரலாறு பதிவு செய்ய ஒரு வழிகாட்டி

எண்பது வயதுப் பெரியவரின் முன்னால் ரெக்கார்டரை வைத்து "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: "என்னத்தச் சொல்றது, ஏதோ பொறந்தோம், வளந்தோம்." பத்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். கருவியை அணைத்துப் பையில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டும்போது, அதே பெரியவர் வாசற்படியில் நின்றபடி, தனுஷ்கோடிப் புயலடித்த ராத்திரி தான் எங்கே இருந்தேன் என்பதை அரை மணி நேரம் சொல்வார். வாய்மொழி வரலாறு, அதாவது ஒருவர் தன் நினைவிலிருந்து சொல்வதைப் பதிவு செய்கிற இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இது ஒரு தடவையாவது நடக்கும்.

அவருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. ரெக்கார்டர் ஓடிய நேரம் முழுக்க அவர் மனதில் வேறு கேள்விகள் ஓடின. இந்தப் பிள்ளை யார், இதை எங்கே கொண்டுபோவான், தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும், பங்காளி வீட்டுக்குத் தெரிந்துவிடுமா, எப்போது முடியும். இவற்றுக்குப் பதில் கிடைக்காதவரை "சும்மா வீட்ல பேசுற மாதிரி பேசுங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் பயனில்லை. சொல்லப்போனால், அப்படிச் சொன்னதும்தான் பலர் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னும் விறைப்பாகிவிடுகிறார்கள். கூச்சத்தைப் போக்கும் வேலையில் முக்கால்வாசி முதல் கேள்விக்கு முன்பே நடந்து முடிகிறது.

முதல் நாள் வெறுங்கையோடு

முதல் சந்திப்புக்கு ரெக்கார்டரைக் கொண்டுபோகாதீர்கள். போனையும் சட்டைப் பையிலேயே விடுங்கள். அவருக்குத் தெரிந்த ஒருவர் வழியாகப் போங்கள்: பேரன், பக்கத்து வீட்டு அக்கா, பள்ளி ஆசிரியர், சங்கத்தின் பழைய செயலாளர். ஆனால் யார் கூட்டிப்போகிறார்கள் என்பதும் ஒரு செய்திதான். ஊராட்சித் தலைவரோடு காரில் போய் இறங்கினால், கூலிக்காரப் பாட்டி உங்களை அவருடைய ஆளாகத்தான் பார்ப்பார். தாலுகா ஆபீஸிலிருந்து வந்திருப்பதாக நினைத்து முதியோர் பென்ஷன் மனுவை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணத்தை உடனே மரியாதையாகத் திருத்திவிட வேண்டும். பென்ஷன் வரும் என்ற நம்பிக்கையில் ஒருவர் பேசுகிற பேச்சு அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடிதான் வளையும்.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் திட்டம் ஒன்றில், முன்பு அடிமைகளாக இருந்த 2,300க்கும் மேற்பட்டவர்களிடம் நேர்காணல் எடுத்தார்கள். சார்ல்ஸ்டன் நகரில் ஒரே மூதாட்டியை வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவரும் தனித்தனியே சந்தித்தார்கள். முன்னவரிடம் எஜமானரின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசிய அந்த அம்மா, பின்னவரிடம் சவுக்கடியையும் பிரித்து விற்கப்பட்ட குடும்பங்களையும் பற்றிப் பேசினார். நம் ஊரில் இந்த வேலையைச் சாதி செய்யும், வர்க்கம் செய்யும், ஆண் பெண் வேறுபாடும் செய்யும். இதை முழுக்க அழிக்க முடியாது. ஆனால் யார் கேட்டார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைக் குறிப்பில் எழுதிவைக்கலாம். சில ஊர்களில் கேட்பவரையே மாற்றி அனுப்புவதுதான் சரி.

முதல் சந்திப்பில் நாற்பது நிமிடம் போதும். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், எத்தனை நேரம் ஆகும், யாரெல்லாம் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். மிச்ச நேரம் ஊர்ப்பேச்சு. தண்ணீரோ மோரோ காபியோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். "இப்பத்தான் குடிச்சேன்" என்று மறுப்பது நகரத்தில் நாகரிகம். பல கிராமங்களில், அதுவும் காலங்காலமாகத் தள்ளிவைக்கப்பட்ட தெருக்களில், அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அந்த வீட்டில் அதற்குமேல் நீங்கள் எத்தனை நல்ல கேள்வி கேட்டாலும் நல்ல பதில் வராது. அதேபோல "நீங்க எந்தத் தெரு?", "உங்க ஆளுங்க எந்த ஊரு?" என்பவை உங்கள் வாயில் எத்தனை வெகுளியாக வந்தாலும் அவர் காதில் சாதி விசாரணையாகவே விழும்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். முன்பின் தெரியாதவரிடம் "ஐயா", "அம்மா" எப்போதும் பிழைபோகாது. தாத்தா, ஆச்சி, அப்பத்தா, அப்புச்சி போன்ற முறைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். சில முறைகள் இன்ன சாதி என்று அடையாளமும் காட்டிவிடும். வீட்டார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்து, அவரே "பாட்டின்னே கூப்பிடுப்பா" என்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம். அறுபத்திரண்டு வயது அம்மாவைப் பாட்டியாக்கிவிட்டு அரை நாள் உம்மென்ற முகத்தோடு பேட்டி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை: எந்த நேரத்தில் மாத்திரை, எந்த நேரத்தில் சாப்பாடு, எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்தச் சீரியல் பார்ப்பார். கடைசியதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீரியல் நேரத்தில் யாரும் மனதார வரலாறு சொல்வதில்லை. பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளிச் சான்றிதழ், வேலைக்கார்டு ஏதாவது இருந்தால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இவற்றில் மொய் நோட்டுக்கு ஈடில்லை. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை ரூபாய் எழுதினார்கள், எந்தப் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு பக்கத்தைப் புரட்டினாலே உறவு, பகை, விலைவாசி மூன்றும் வெளியே வரும்.

அனுமதி: காகிதமும் பயமும்

அனுமதி வாங்குவது சடங்கு அல்ல. பேச்சு தடையின்றி வருவதற்கே அதுதான் அடித்தளம். மூன்று விஷயங்களைப் பேச்சுத் தமிழில், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒன்று, எந்தக் கேள்விக்கும் "வேண்டாம்" என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, எந்த இடத்திலும் ரெக்கார்டரை நிறுத்தச் சொல்லலாம். மூன்று, சொன்ன பிறகு ஏதாவது பகுதியை எடுத்துவிடச் சொல்லலாம். அடுத்து, யார் கேட்கலாம் என்பதில் தேர்வு கொடுங்கள்: எல்லோரும் கேட்கலாம், பெயரை மறைத்துக் கொடுக்கலாம், குடும்பத்துக்குள் மட்டும், தன் காலத்துக்குப் பிறகுதான். பலர் ஒரே பேட்டியில் சில பகுதிகளுக்கு ஒன்றையும் சில பகுதிகளுக்கு வேறொன்றையும் கேட்பார்கள். அதுவும் சரிதான்.

கையெழுத்தில்தான் சிக்கல் வரும். நிலத்தகராறில் அடிபட்ட குடும்பங்களில், முன்பின் தெரியாதவர் நீட்டும் காகிதத்தில் கைநாட்டு வைப்பது என்றால் குலை நடுங்கும். அங்கே படிவத்தை நீட்டி வற்புறுத்தினால் அதோடு முடிந்தது. ரெக்கார்டரை ஓடவிட்டு, தேதி, இடம், இருவர் பெயர் சொல்லி, ஒப்புதலை அவர் வாயாலேயே பதிவு செய்துகொள்ளலாம். படிவம் கட்டாயம் என்றால் முழுவதையும் வாசித்துக் காட்டி, ஒரு நகலை அவர் வீட்டில் விட்டுவிட்டு, அவர் நம்பும் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு மறுநாள் வாங்குங்கள்.

இடமும் சத்தமும்

ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்: அதற்குமேல் ஒரே அமர்வில் வேண்டாம். பெரியவர்கள் களைத்துவிட்டதைச் சொல்ல மாட்டார்கள். பதில்கள் குட்டையாவதை வைத்து நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் என்றால் மூன்று லாபம்: வெயில் இல்லை, ஃபேனை அணைத்துவைக்கலாம், அவர் மனதும் தெளிவாக இருக்கும்.

நம் வீடுகளில் பதிவைக் கெடுப்பவை இவை: மேலே சுற்றும் ஃபேன், ஃபிரிட்ஜ் மோட்டார், குக்கர் விசில், வெறும் சுவரும் கிரானைட் தரையுமாக எதிரொலிக்கும் ஹால். ஹாலைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தையும் துணிமணியும் எதிரொலியை விழுங்கிவிடும். வெயில் காலத்தில் ஃபேன் இல்லாமல் பெரியவரை உட்காரவைப்பது கொடுமை. குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, நேர் கீழே உட்காராமல் சற்றுத் தள்ளி உட்காருங்கள். ஆடையில் மாட்டும் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். திண்ணை மனதுக்கு இதமான இடம்தான், ஆனால் தெருவில் போகிற ஒவ்வொரு பைக்கும் பேட்டியில் பங்கெடுக்கும். போகிறவர்கள் நின்று கேட்கவும் செய்வார்கள்.

மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில், நடு நெஞ்சில் மாட்டுங்கள். பெண்களுக்குத் தாலிக்கொடியும் சங்கிலியும் மைக்கில் உரசும். பட்டுப் புடவை சரசரக்கும். அவரே மாட்டிக்கொள்ளட்டும் அல்லது வீட்டுப் பெண்கள் மாட்டிவிடட்டும். நீங்கள் கையை நீட்டாதீர்கள். கண்ணாடி வளையல் கலகலத்தால் கையை மடியில் வைக்கச் சொல்லிக் கட்டிப்போட வேண்டாம். கையாட்டாமல் பேசத் தெரியாதவர்கள் நம்மில் அதிகம். அந்தச் சத்தத்தோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம்.

ரெக்கார்டரில் வைக்க வேண்டிய அமைப்பு: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும். உரக்கப் பேசும்போது அளவுமுள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது. போனில் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் வரும் ஒரு அழைப்பு பதிவை நிறுத்திவிடலாம். நிறுத்தியதை நீங்கள் கவனிக்காமலும் போகலாம். ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். அந்தச் சோதனைக்கு "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்வி போதும். அந்த ஒரு நிமிடத்தை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

உட்காரும் உயரம் சமமாக இருக்கட்டும். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் நீங்கள் ஸ்டூலில். அவர் தரையில் என்றால் நீங்களும் தரையில். உங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் கீழே உட்கார்கிறவரிடம், "ஐயா மேல உட்காருங்க" என்று மல்லுக்கட்டுவதைவிட, பேசாமல் நீங்கள் இறங்கி உட்காருவது நல்லது. எதிரெதிரே விசாரணை போல வேண்டாம். எல் வடிவத்தில், நன்றாகக் கேட்கும் காதின் பக்கம். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது கீச்சொலிகள். ஆகையால் கத்திப் பேசுவது உதவாது. கத்தும்போது குரல் மேலே ஏறும். குரலைத் தாழ்த்தி, நிதானமாக, வாயசைவு தெரியும்படி பேசுங்கள்.

கேள்வியைத் தமிழில் கேட்பது

கேள்வித்தாளை வரிக்கு வரி எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் போதும். எழுதிப்போனால் எழுத்துத் தமிழில் கேட்பீர்கள். "தங்கள் இளமைக் காலத்தில் தாங்கள் எதிர்கொண்ட சவால்கள் யாவை?" என்று கேட்டால் அவரும் மேடைத் தமிழுக்கு மாறி, "அந்தக் காலத்தில் மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்" என்று தொடங்கிவிடுவார். அந்த வாக்கியம் வந்தால் பேட்டி தடம் மாறிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்விக்குத் தப்பான பதில் என்று ஒன்று இருக்கவே கூடாது. இடம் பற்றிய கேள்வி இதற்குப் பொருத்தமானது: "நீங்க பொறந்த வீட்டுக்குள்ள வாசல்லருந்து நுழைஞ்சா மொதல்ல என்ன இருக்கும்?" நடை, முற்றம், அடுக்களை, மாட்டுத்தொழுவம், கிணறு என்று அவர் மனதுக்குள் நடக்கத் தொடங்குவார். நடக்கிற வழியில் ஆட்கள் வருவார்கள். யார் எங்கே படுத்தார்கள், யார் முதலில் சாப்பிட்டார்கள், கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று கேள்விகள் தாமே பிறக்கும். வேலையைப் பற்றி என்றால் ஒரு நாளைக் கேளுங்கள்: "தறியில உக்கார்ற அன்னிக்குக் காலைல எந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க?" பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

அடிக்கடி கேள்வி உடைகிற இடங்கள் சில உண்டு. "ஏன்" என்ற சொல் நம் பேச்சில் பெரும்பாலும் கண்டிப்பதற்குத்தான் பயன்படுகிறது. "ஏன் படிக்கல?" என்றால் அவர் தற்காப்புக்குப் போவார். "பள்ளிக்கூடம் நின்னது எப்படி?" என்றால் கதை வரும். இரண்டு கேள்விகளை ஒட்டவைத்தால் எளிதானதற்கு மட்டும் பதில் கிடைக்கும். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்கல்ல?" என்று கேட்டால் மரியாதைக்காகவே "ஆமாம்பா" என்பார். அது அவருடைய பதில் ஆகாது, உங்களுடையதுதான் திரும்பி வருகிறது. "அப்ப எப்படி இருந்துச்சு?" என்று விட்டுவிடுங்கள்.

சொல் ஒன்று நினைவையே மாற்றிவிடும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1974இல் காட்டினார்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவில் 50 பேரில் 7 பேரும், இரண்டாவது குழுவில் 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆகவே "அந்தக் கலவரத்துல" என்று நீங்கள் தொடங்காதீர்கள். அவர் அதைச் சண்டை என்றாரா, பிரச்சினை என்றாரா, தீவைப்பு என்றாரா என்று கவனித்து, அதே சொல்லைத் திருப்பிப் போடுங்கள்.

நுணுக்கமான விஷயத்தைத் தொட வேண்டும் என்றால் பேட்டியின் நடுப்பகுதியில் தொடுங்கள். தொடக்கத்தில் கேட்டால் கதவு சாத்தப்படும். கடைசியில் கேட்டால் அவரைக் கலக்கிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள்.

உம் கொட்டுவதும் காத்திருப்பதும்

புதியவர்களுக்கு மிகக் கடினமானது சும்மா இருப்பது. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரே வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாகப் பேசுகிறவர்களும் கூடினார்கள். அறுபது வருடம் பின்னால் போய்த் திரும்ப வேண்டிய பெரியவருக்கு மூன்று வினாடி போதாது. பதில் முடிந்தது போலத் தெரிந்தாலும் மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். முதல் பதில் பலமுறை சொல்லித் தேய்ந்ததாக இருக்கும். அமைதிக்குப் பிறகு வருவதுதான் பல நேரம் புதிது.

இதில் தமிழில் பேட்டி எடுக்கிறவர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. நம் பெரியவர்கள் கதை சொல்லிப் பழகியது உம் கொட்டுகிற பிள்ளைகளுக்கு. எதிரில் இருப்பவர் "ம்" சொல்லாவிட்டால், கேட்கவில்லையோ தூங்கிவிட்டானோ என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் ரெக்கார்டரில் அந்த "ம், ம், ஆமா, அப்படியா" எல்லாம் அவருடைய சொற்களின் மேலேயே ஏறி உட்கார்ந்து, எழுத்தாக்கும்போது தலைவலி தரும். வழி இதுதான்: வாக்கியத்தின் நடுவில் தலையை மட்டும் அசையுங்கள்; அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு தாழ்ந்த "ம்". பார்வையை நோட்டிலிருந்து எடுத்து அவர் முகத்தில் வையுங்கள். "அச்சச்சோ", "அடப்பாவமே" வேண்டாம். எதற்குப் பரிதாபப்படுகிறீர்கள் என்று கண்டுகொண்டால் அதையே அதிகமாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

குறிப்பு எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் பரபரவென்று எழுதினால் அது முக்கியம் என்றும், எழுதாதது வீண் என்றும் அவர் கணக்குப் போடுவார். ஊர்ப்பெயர், ஆட்பெயர், புரியாத சொல் இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் எழுத்துக்கூட்டிக் கேளுங்கள்.

வருடம் தெரியாதபோது

"எந்த வருஷம்?" என்பது பேச்சை நிறுத்துகிற கேள்வி. பரீட்சைப் பயம் அதில் இருக்கிறது. வருடத்தை நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். அவரிடம் கேட்க வேண்டியது முன்னா பின்னா என்பதுதான். அதற்கு ஊர் நினைவில் நிற்கிற நிகழ்ச்சிகளைக் கையில் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1969 பிப்ரவரி அண்ணா இறந்தது, 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயல், 1982 சத்துணவுத் திட்டம், 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். இறந்தது, 2004 சுனாமி. கும்பகோணம் பக்கம் என்றால் 1980, 1992, 2004, 2016 மகாமகங்கள். காஞ்சிபுரத்தில் 1979 அத்திவரதர். குடும்பக் கணக்கும் உண்டு: "மூத்தவன் கைக்குழந்தையா இருந்தப்பவா, நடக்க ஆரம்பிச்சப்பவா?" பெண்களிடம் இது இன்னும் துல்லியமாக வேலை செய்யும்.

தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். ஒரு தடவை "இல்லைங்கம்மா, அது அறுபத்தேழு" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்கள் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்பார். தப்பிலும் செய்தி இருக்கிறது. இத்தாலியின் தெர்னி நகரில் 1949 மார்ச் மாதம் ஊர்வலத்தில் ஒரு இளம் தொழிலாளி போலீஸால் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்துப் பேட்டி எடுத்தபோது, ஊர்க்காரர்கள் பலர் அந்தச் சாவு 1953இல், இரும்பாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். பதிலடி கொடுக்க முடியாமல் போன ஒரு சாவை, தாங்கள் தெருவில் இறங்கிப் போராடிய வருடத்தோடு ஊரின் நினைவு சேர்த்துவைத்துவிட்டது. யாராவது அன்றே திருத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. முரண்பாட்டை நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த சந்திப்பில் வேறு பக்கமாகக் கேட்கலாம்.

கூடவே உட்காருகிறவர்கள்

அம்மாவிடம் கேட்டால் மகன் பதில் சொல்வார். மனைவியிடம் கேட்டால் கணவர், "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்" என்பார். இவர்களை விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது. வேலை கொடுங்கள். மகனிடம் "பழைய போட்டோவெல்லாம் தேடி எடுத்துத் தர்றீங்களா, பின்னாடி யார் யார்னு எழுதிக்கணும்" என்று கேட்டால் ஒரு மணி நேரம் ஆனந்தமாகத் தேடுவார். கணவரை முதலில் தனியாகப் பதிவு செய்துவிடுங்கள். தன் முறை முடிந்த திருப்தியில் வெளியே போவார். அப்போதும் அந்த அம்மா வாய் திறக்கத் தயங்கினால், பெண் ஒருவர் போய்ப் பகல் பதினொரு மணிக்கு, காய் நறுக்கும் நேரத்தில் உட்காருவது நல்லது. கையில் வேலை இருக்கும்போது பலருக்கு நாக்கு இளகும். முருங்கைக்கீரை ஆய்கிற சத்தம் பதிவில் விழுந்தால் விழட்டும், அம்மியை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று: ஒரே ஆலையில் வேலை பார்த்த இரண்டு நண்பர்களைச் சேர்த்து உட்காரவைத்தால், ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். அதற்கு ஆளுக்கு ஒரு மைக் வேண்டும். மூன்று பேருக்குமேல் சேர்ந்தால் உரக்கப் பேசுகிறவரின் பேட்டியாகிவிடும்.

கண்ணீர் வந்தால்

அவர் அழத் தொடங்கியதும் பதறி ரெக்கார்டரை அணைக்காதீர்கள். கேமரா இருந்தால் முகத்தை நெருக்கிப் பிடிக்கவும் செய்யாதீர்கள். "அழாதீங்க" என்று சொல்லவே கூடாது. அழுவது தப்பு என்று சொன்னதாகிவிடும். பேச்சை மாற்றினாலும் அதே அர்த்தம்தான். தண்ணீரை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, காத்திருந்து, அவர் நிமிர்ந்து பார்த்ததும் மெதுவாகக் கேளுங்கள்: "கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா, இல்ல சொல்றீங்களா?" பெரும்பாலோர் சொல்லவே விரும்புவார்கள். முடிவு அவருடையதாக இருப்பதுதான் முக்கியம்.

அந்த இடத்தோடு பேட்டியை முடித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். இன்னும் கால் மணி நேரம் இருந்து, பேரன் பேத்தி, தோட்டம், இன்றைய சமையல் என்று இன்றைக்குக் கொண்டுவந்து விடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு, "இன்னிக்குப் பழசெல்லாம் பேசினாங்க, கொஞ்சம் பக்கத்துல இருங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் போனில் விசாரியுங்கள். தூக்கமில்லாமல் தவிப்பதாகத் தெரிந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐக் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். படுகொலை, பாலியல் வன்முறை போன்றவற்றிலிருந்து மீண்டவர்களிடம் முதல் பேட்டி எடுத்துப் பழகக் கூடாது. அது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

முடித்த பிறகு

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" பிறகு அறை ஓசையை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும்போது தேவைப்படும். கருவியை எடுத்துவைப்பதில் அவசரம் வேண்டாம். வாசற்படிக் கதை இப்போதுதான் வரும். வந்தால், "இதையும் பதிவு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள். கேட்காமல் பையிலிருந்தபடி ஓடவிடுவது திருட்டு.

அன்று ராத்திரியே கோப்பை இரண்டு இடங்களில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கோப்புப் பெயரில் தேதி, ஊர், வரிசை எண் போதும். ஆள் பெயர் வேண்டாம். யார் கூட இருந்தார்கள், எங்கே தயங்கினார், எந்தப் போட்டோவைப் பார்த்ததும் அமைதியானார் என்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். காலையில் மறந்துவிடும்.

பிறகு முதல் இருபது நிமிடத்தை நீங்களே எழுத்தாக்குங்கள். வட்டார வழக்கில் ஓடும் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கக் குறைந்தது ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆனால் இந்த இருபது நிமிடத்தை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் வாக்கியங்களை ஒரு நிறத்தில் கோடிடுங்கள். பக்கத்தில் கால்வாசிக்குமேல் அந்த நிறம் இருந்தால் நீங்கள் அதிகம் பேசியிருக்கிறீர்கள். அவர் வாக்கியம் முடியும் முன் நீங்கள் புகுந்த இடங்களை எண்ணுங்கள். "ஆமா", "இல்ல" என்று மட்டும் பதில் வந்த கேள்விகளை வேறு விதமாக எழுதிப் பாருங்கள். பயிற்சி வகுப்பு எதுவும் இந்த அளவுக்குக் கற்றுத்தராது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எழுதும்போது "வந்துச்சுங்க", "போட்டாவ" போன்றவற்றை "வந்தது", "போட்டார்கள்" என்று திருத்தாதீர்கள். புரியாத சொல் இருந்தால் கேட்டபடியே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

பதிவுக்குப் பிறகு அடுத்த சந்திப்பு ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள். இடையில் அவர் மனது வேலை செய்துகொண்டே இருந்திருக்கும். "அன்னிக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றுதான் பெரும்பாலும் வரவேற்பார். எழுத்தாக்கிய பகுதியைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். ஒலிப்பதிவின் நகலைப் பென்டிரைவில் கொடுங்கள். பேரனின் போனுக்கு அனுப்புவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், பேரனுக்குத் தெரியக்கூடாத விஷயம் அதில் இருக்கலாம். ஏதாவது ஒரு பகுதியை எடுத்துவிடச் சொன்னால் வாதாட வேண்டாம். எத்தனை அருமையான பகுதியாக இருந்தாலும் அவர் முன்னாலேயே அந்த நேரக்குறிப்பை எழுதிக்கொண்டு, மூலக் கோப்பிலும் இரண்டு நகல்களிலும் எழுத்துப்படியிலும் நீக்கிவிட்டு, நீக்கியாயிற்று என்று போன் செய்து சொல்லுங்கள்.